வணிக இணையதளத்தில் தோற்றமும் பயன்பாடும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வணிக இணையதளம் ஒன்றை முதன்முறையாக உருவாக்க முனைவோரிடம் அது எப்படி அமைய வேண்டும் என்று கேட்டால், நிறம், படம், அசைவு, முகப்பின் தோற்றம் ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் பதில் வரும். தளத்துக்கு வருபவர் எதற்காக வருகிறார், வந்த வேலை அவருக்கு எவ்வளவு எளிதில் முடிய வேண்டும் என்ற கேள்வி தாமதமாகத்தான் எழுகிறது; தளம் வெளியான பிறகு விசாரணைகள் ஏன் வரவில்லை என்று யோசிக்கும்போதே அது முதன்முறையாக எழுவதும் உண்டு. இதற்கு நேர்மாறான தவறும் இருக்கிறது. செயல்பாடு இருந்தால் போதும் என்று எண்ணி, அட்டவணைகளும் இணைப்புகளும் நெருக்கியடித்து நிற்கும் பக்கங்களை வெளியிட்டுவிட்டு, எல்லாத் தகவலும் அதில்தான் இருக்கிறது என்று நிறைவடைவோர் பலர். தகவல் ஒரு பக்கத்தில் இருப்பது வேறு, அது தேடுபவரின் கண்ணில் படுவது வேறு.

தளம் செய்ய வேண்டிய வேலையை முதலில் முடிவு செய்து, அந்த வேலையைப் பார்வைக்குப் புலப்படுத்தும் பொறுப்பைத் தோற்றத்திடம் ஒப்படைப்பதே இங்கே நான் பரிந்துரைக்கும் முறை. இந்த வரிசை மாறினால், அழகான ஒரு சட்டகத்துக்குள் வேலையைத் திணிக்கும் நிலை வந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு திருத்தமும் அழகைக் கெடுப்பதாகவே தோன்றும்.

தோற்றம் எவ்வளவு வலிமையானது என்பதையும் தொடக்கத்திலேயே புரிந்துகொள்ள வேண்டும். 1995இல் ஹிட்டாச்சி வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்த மசாக்கி குரோசு, காவோரி கஷிமுரா ஆகிய இருவர், ஏடிஎம் திரையின் 26 வடிவங்களை 252 பேரிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். பார்வைக்கு இனிமையாக இருந்த திரைகளையே பயன்படுத்த எளிதானவை என்றும் மக்கள் மதிப்பிட்டார்கள். அந்தத் திரைகள் உண்மையில் எவ்வளவு எளிதானவை என்பதோடு அந்த மதிப்பீடு அவ்வளவாகப் பொருந்தவில்லை. இதில் தளம் அமைப்போருக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. நேர்த்தியான தளத்தின் சிறு குறைகளை வருகையாளர் பொறுத்துக்கொள்வார் என்பது ஒன்று. வடிவமைப்பாளர் அனுப்பும் அழகிய திரை மாதிரிப் படத்தைப் பார்த்து ஒப்புதல் அளிக்கும் உரிமையாளரும் இதே மயக்கத்துக்கு ஆளாவார் என்பது மற்றொன்று. ஆகவே படத்தைப் பார்த்து ஒப்புதல் தராமல், கைபேசியில் திறந்து ஒரு வேலையைச் செய்து பார்த்த பிறகே ஒப்புதல் தருவதை முதல் நாளிலிருந்தே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் படி: வேலைகளை வருகையாளரின் வாய்மொழியில் எழுதுங்கள்

ஒரு தாளில், தளத்துக்கு வருபவர் கேட்கக்கூடிய கேள்விகளை அவர் பேசும் விதத்திலேயே எழுதுங்கள். குளிர்சாதனக் கருவிகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘எங்கள் பகுதிக்கு வருவீர்களா?’, ‘இன்றே வர முடியுமா?’, ‘பார்வையிடுவதற்கு மட்டும் எவ்வளவு கட்டணம்?’, ‘இந்த நிறுவனத் தயாரிப்பைப் பழுதுபார்ப்பீர்களா?’ என்பவைதான் அங்கே வரும் கேள்விகள். அந்த நிறுவனத்தின் வரலாறும் தொலைநோக்கும் இந்தப் பட்டியலில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் பல முகப்புப் பக்கங்களின் முதல் திரை முழுவதையும் அவைதான் நிரப்புகின்றன. கேள்விகளை ஊகித்து எழுத வேண்டியதில்லை. தொலைபேசியை எடுத்துப் பேசும் ஊழியரிடமும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுபவரிடமும் கேட்டால் பட்டியல் உடனே கிடைத்துவிடும்.

பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு முதன்மை வேலையை ஒதுக்குங்கள். சேவைப் பக்கத்தின் முதன்மை வேலை முன்பதிவு என்றால், விலை விவரம் அதற்குத் துணையாக நிற்கும் இரண்டாவது வேலை. மூன்று வேலைகளுக்குச் சம முக்கியத்துவம் வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால், அந்தப் பக்கத்தைப் பிரிப்பது பற்றி யோசிக்க வேண்டும். இந்த முடிவை எழுத்தில் வைத்திருப்பது மிகவும் அவசியம், ஏனெனில் பின்னால் எழும் கருத்து வேறுபாடுகள் அனைத்தையும் இந்த ஒரு தாளை வைத்துத்தான் தீர்க்கப் போகிறோம்.

இரண்டாம் படி: நிறமில்லாத வரைவு

நிறமும் படமும் இல்லாமல், கட்டங்களும் எழுத்தும் மட்டும் கொண்ட வயர்ஃப்ரேம் வரைவைத் தயாரியுங்கள். தாளும் பென்சிலும் போதும். ஃபிக்மா போன்ற மென்பொருள் தெரிந்தால் அதையும் பயன்படுத்தலாம். சாம்பல் நிறத்தில் இருக்கும்போதே பக்கத்தின் முதன்மை வேலை எது என்று தெரியவில்லையென்றால், நிறம் பூசினாலும் அது தெரியாது.

வரைவை மிகச் சிறிய திரையிலிருந்து தொடங்குங்கள். ஏறத்தாழ 360 பிக்சல் அகலமுள்ள திரையில் எது முதலில் வர வேண்டும், எது கீழே போகலாம் என்று முடிவு செய்யும் கட்டாயம் இருக்கிறது. பெரிய திரையில் அந்தக் கட்டாயம் இல்லாததால் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தள்ளிவிடத் தோன்றும். திரையின் அகலத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் தளவமைப்பை ஈதன் மார்கோட் 2010இல் ‘ரெஸ்பான்சிவ்’ என்ற பெயரில் முன்வைத்த பிறகு அது பொது வழக்காகிவிட்டது. ஆனாலும் பெரிய திரைக்கு வரைந்ததைச் சிறிய திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவிடுவதே அந்த முறை என்று பலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி அடுக்கினால் முன்பதிவு பொத்தான் பல திரைகள் தாண்டி எங்கோ கீழே போய்ச் சேரும்.

வரைவில் உண்மையான உரையையே இட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பொருளற்ற நிரப்பு உரையோடு வரையும்போது எல்லாப் பெட்டிகளும் ஒரே உயரத்தில் அழகாக நிற்கும். உண்மையான பொருட்பெயர்களில் ஒன்று மூன்று வரிக்கு நீளும், ஒரு பொருளுக்குப் படமே இருக்காது, இன்னொன்றுக்கு விலை ‘கேட்டறியவும்’ என்று இருக்கும். உங்களிடம் உள்ள மிக நீளமான பெயரையும் மிகக் குறைவான விவரத்தையும் வரைவில் இட்டுப் பாருங்கள்; அவற்றைத் தாங்கும் அமைப்பே நிலைக்கும்.

மூன்றாம் படி: தோற்றத்துக்கு வேலை கொடுங்கள்

இப்போது நிறம், அளவு, இடைவெளி, இடம் ஆகியவற்றைக் கொண்டு வரலாம். இவை நான்கும் கண்ணை வழிநடத்தும் கருவிகள். நிறுவனத்தின் நிறங்களில் மிகப் பளிச்சென்ற ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை முதன்மைச் செயலுக்கான பொத்தான்களுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். அதே நிறத்தைத் தலைப்புக்கும் அலங்காரக் கோட்டுக்கும் சின்னங்களுக்கும் பயன்படுத்தினால், எது அழுத்தக்கூடியது என்று வருகையாளருக்குப் புரியாது. வரைந்து முடித்ததும் கண்களைச் சற்றே சுருக்கி, மங்கலாகத் தெரியும் பக்கத்தைப் பாருங்கள். அப்போதும் தனித்துத் தெரிவது எதுவோ, அதுதான் வருகையாளரின் கண்ணில் முதலில் படும். அது முதல் படியில் நீங்கள் எழுதிய முதன்மை வேலையாக இருக்க வேண்டும்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 என்ற விகிதத்தையும் பெரிய எழுத்துக்கு 3:1 என்ற விகிதத்தையும் வரையறுக்கின்றன. வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம் இந்த எல்லையைச் சற்றே தாண்டித் தேறுகிறது. #777777 என்று ஒரு படி வெளிறினாலே தேறாமல் போகிறது. மென்மையான தோற்றத்துக்காக இதைவிட வெளிறிய சாம்பலில் முகவரியையும் நிபந்தனைகளையும் அச்சிடும் தளங்களை நாள்தோறும் பார்க்கலாம். வெளிச்சமான தெருவில் நின்று கைபேசியைப் பார்ப்பவருக்கும் வயதானவருக்கும் அந்த வரிகள் இல்லாததற்குச் சமம். பிழைச் செய்தியைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டுவதும் இப்படித்தான். நிறக்குருடு உள்ளவருக்காக ஒரு சொல்லோ சின்னமோ உடன் இருக்க வேண்டும்.

முகப்பின் மேற்பகுதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோற்றத்துக்கும் பயன்பாட்டுக்கும் மோதல் பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. வழக்கமாக அங்கே ஒரு பெரிய புகைப்படம், அதன்மேல் வெள்ளை எழுத்தில் ஒரு வாசகம், கீழே ஒரு பொத்தான் இருக்கும். பெரிய திரையில் படத்தின் இருண்ட பகுதிமேல் எழுத்து தெளிவாக நிற்கும். கைபேசியில் படம் வெட்டுப்பட்டு, அதே எழுத்து ஒளிமிக்க வானத்தின்மேல் வந்து கரைந்துபோகும். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கருமையான ஒரு மெல்லிய அடுக்கை இடுவது ஒரு தீர்வு. கைபேசியில் எழுத்தைப் படத்துக்குக் கீழே தனியாக வைப்பது அதைவிட உறுதியான தீர்வு. வாசகமும் அலங்காரச் சொற்றொடராக இருக்கக்கூடாது. நீங்கள் யார், என்ன தருகிறீர்கள், யாருக்குத் தருகிறீர்கள் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே விளங்க வேண்டும். படங்களும் வாசகங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானாக மாறிக்கொண்டே இருக்கும் ஸ்லைடரை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. எதை முதலில் காட்டுவது என்று நிறுவனத்துக்குள் முடிவெடுக்க முடியாதபோதுதான் அது பெரும்பாலும் பிறக்கிறது, படிக்கத் தொடங்கும்போதே வாசகம் நகர்ந்துவிடுகிறது. வைத்தே ஆக வேண்டும் என்றால், தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் நகரும் எதையும் நிறுத்தும் வசதி வேண்டும் என்பது மேற்சொன்ன வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது.

எழுத்துருவில் இரண்டு வகைகளுக்கு மேல் தேவையில்லை. தளம் தமிழிலும் அமையுமானால் சில கூடுதல் கவனங்கள் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சிறு சொல்லால் முடியும் பொத்தான் தமிழில் ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று நீண்டு இரண்டு வரியாக உடையும். ஆகவே பொத்தானின் அகலத்தை எண்ணால் பூட்டிவைக்காமல் உரைக்கேற்ப விரியவிட வேண்டும். மேலே புள்ளியும் இகரக் குறிகளும் கீழே உகரக் குறிகளும் நீள்வதால், வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடச் சற்றுத் தாராளமாக வைக்க வேண்டும். சாய்வெழுத்து தமிழில் படிக்கச் சிரமம் தருவதால், அழுத்தம் வேண்டிய இடங்களில் தடித்த எழுத்தே நல்லது.

நான்காம் படி: வழிசெலுத்தலில் புதுமை வேண்டாம்

உங்கள் தளத்துக்கு வருபவர் தன் நேரத்தில் பெரும்பகுதியை மற்ற தளங்களில்தான் செலவிடுகிறார் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கருத்து. அங்கே பழகிய வழக்கங்களோடுதான் அவர் உங்களிடம் வருகிறார். லோகோவை அழுத்தினால் முகப்புக்குப் போக வேண்டும், தொடர்பு விவரம் மேலேயும் அடியிலும் இருக்க வேண்டும், இணைப்பு இணைப்பைப் போலத் தெரிய வேண்டும். மெனுவில் ‘எங்கள் பயணம்’, ‘அனுபவங்கள்’ போன்ற கவித்துவமான பெயர்களைத் தவிர்த்து, ‘சேவைகள்’, ‘விலை’, ‘தொடர்பு’ என்று நேரடியாக எழுதுங்கள். பெரிய திரையில் இடம் இருக்கும்போது மெனுவை மூன்று கோட்டுச் சின்னத்துக்குள் ஒளிக்க வேண்டாம். தொடுதிரையில் அழுத்தும் பகுதிகளுக்கு ஆப்பிள் நிறுவனம் 44 புள்ளி அளவையும் கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி 48 அலகையும் பரிந்துரைக்கின்றன. 2023இல் வெளியான அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.2ஆம் பதிப்பு குறைந்தபட்சமாக 24 பிக்சலைக் கேட்கிறது.

ஐந்தாம் படி: படிவத்தைச் செதுக்குங்கள்

பெரும்பாலான வணிகத் தளங்களில் பணமாக மாறும் இடம் விசாரணைப் படிவம்தான். ஆயினும் முகப்புக்குக் கொடுக்கும் உழைப்பில் சிறு பங்குகூட அதற்குக் கிடைப்பதில்லை. முதலில் புலங்களை, அதாவது நிரப்ப வேண்டிய பெட்டிகளைக் குறையுங்கள். அழைத்துப் பேசுவதற்குப் பெயரும் தொலைபேசி எண்ணும் தேவையின் சுருக்கமும் போதுமென்றால், முகவரி, நிறுவனப் பெயர், எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள் என்ற கேள்வி ஆகியவற்றை நீக்கிவிடலாம்.

அடுத்து, புலத்தின் பெயரைப் பெட்டிக்குள் மங்கலான எழுத்தாக மட்டும் வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். பார்ப்பதற்கு அது சுத்தமாகத் தெரியும். ஆனால் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் பெயர் மறைந்துவிடுவதால், நடுவில் கவனம் சிதறியவர் எந்தப் பெட்டியில் எதை நிரப்பினோம் என்று சரிபார்க்க முடியாது. பெயர் பெட்டிக்கு மேலே நிலையாக இருக்கட்டும். தொலைபேசிப் புலத்தைத் தொட்டதும் எண்களுக்கான விசைப்பலகை திறக்கும்படி, தளத்தின் நிரலை எழுதும் டெவலப்பரிடம் சொல்லுங்கள். அது ஒரு சொல்லை மாற்றுவதால் முடியும் வேலை. உள்ளீட்டு எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐஃபோனின் சஃபாரி உலாவி புலத்தைத் தொட்டவுடன் பக்கத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும், வருகையாளர் பக்கத்தை இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும். எழுத்தைச் சிறிதாக்கினால் நேர்த்தியாக இருக்கும் என்ற ஒரு தோற்ற முடிவு, செயல்பாட்டுத் தொல்லையாக மாறுவது இப்படித்தான்.

தவறு நேரும்போது, ‘செல்லாத உள்ளீடு’ என்று பக்கத்தின் உச்சியில் அறிவிப்பதைவிட, ‘தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று அந்தப் புலத்தின் அருகிலேயே சொல்லுங்கள். நிரப்பியவை எதுவும் அழியக்கூடாது. அனுப்பிய பிறகு நன்றி சொல்வதோடு நிறுத்தாமல், எப்போது, எந்த வழியில் பதில் வரும் என்பதையும் தெரிவியுங்கள். வெளியிடும் முன் நீங்களே ஒரு விசாரணையை அனுப்பி, அது மின்னஞ்சல் பெட்டியில் வந்து சேருகிறதா, ஸ்பாம் பகுதிக்குள் விழுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். விசாரணை எவர் கண்ணிலும் படாமல் ஸ்பாமில் தேங்கினால், மற்ற எல்லா உழைப்பும் வீண்.

ஆறாம் படி: வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள்

தோற்றத்துக்காக நாம் சேர்க்கும் ஒவ்வொன்றும் வருகையாளரின் காத்திருப்பு நேரத்தைக் கூட்டுகிறது. ஆகவே வடிவமைப்பு தொடங்கும்போதே வரம்பை எழுதிவையுங்கள். கூகுளின் ‘கோர் வெப் வைட்டல்ஸ்’ அளவுகோல்கள் இதற்கு நல்ல அடிப்படை: பக்கத்தின் மிகப்பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொடுதலுக்கான எதிர்வினை 200 மில்லி விநாடிக்குள் வர வேண்டும். ஏற்றமாகும்போது உள்ளடக்கம் இடம் பெயர்வதைக் காட்டும் எண் 0.1ஐத் தாண்டக்கூடாது. வருகைகளில் 75 விழுக்காட்டிலாவது இவை நிறைவேற வேண்டும் என்பது கணக்கு. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் இவற்றைப் பார்க்கலாம்.

கேமராவிலிருந்து வந்த 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே ஏற்றுவதுதான் தளம் மெதுவாவதற்கு நான் அதிகம் காணும் காரணம். 360 பிக்சல் அகலக் கைபேசித் திரை மும்மடங்கு அடர்த்தி கொண்டதாக இருந்தாலும் 1080 பிக்சல் அகலப் படமே அதற்குப் போதும். படங்களை, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) அல்லது ஏவிஐஎஃப் (AVIF) வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் முன்கூட்டியே குறிக்கப்பட்டால், படம் வந்து சேரும்போது உரை கீழே தள்ளப்படாது. அழுத்தப்போன பொத்தான் நகர்ந்து வேறொன்றை அழுத்திவிடும் எரிச்சலுக்கு இதுவே மருந்து. கீழே உள்ள படங்களைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றலாம்; ஆனால் முகப்பின் முதன்மைப் படத்துக்கு அந்த உத்தியைப் பயன்படுத்தினால் அது தாமதமாகவே தோன்றும்.

அரட்டைப் பெட்டி, சமூக ஊடகப் பதிவுகளின் தொகுப்பு, ஊடாடும் வரைபடம் ஆகியவை ஒவ்வொன்றும் வெளியிலிருந்து நிரல்களை இழுத்து வருபவை. வரைபடத்தின் ஒரு படத்தை வைத்து, அழுத்தினால் வரைபடச் செயலி திறக்கும்படி செய்வது பெரும்பாலான நிறுவனங்களுக்குப் போதும். அசைவுகளிலும் இதே அளவுகோல்தான்: கூடையில் பொருள் சேர்ந்ததைக் காட்டும் சிறு அசைவு வேலை செய்கிறது, உருட்ட உருட்டப் பத்திகள் மிதந்து வருவது வாசிப்பைத் தாமதப்படுத்துகிறது.

தோற்றம் முன்னே நிற்க வேண்டிய இடங்கள்

இவ்வளவு கட்டுப்பாடுகளையும் சொன்ன பிறகு, தோற்றத்துக்கு முழு உரிமை தர வேண்டிய பக்கங்களும் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உட்புற அலங்காரம், நகை வடிவமைப்பு, புகைப்படக் கலை போன்ற தொழில்களில் படமே தகவல். அங்கே மரத்தின் இழையையும் கல்லின் பளபளப்பையும் காட்டும் பெரிய, தெளிவான படத்தை வேகத்தின் பெயரால் நைந்துபோகச் செய்வது, வாடிக்கையாளர் வந்த வேலையையே தடுப்பதாகும். பணம் செலுத்தும் பக்கத்திலோ நிலைமை தலைகீழ்: அங்கே படங்களும் மெனுவும் கூடக் குறைந்து, செலுத்தும் தொகையும் அடுத்த அடியும் மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரே தளத்துக்குள் பக்கத்துக்குப் பக்கம் இந்த அளவு மாறலாம், மாறவும் வேண்டும்; நிறமும் எழுத்துருவும் இடைவெளியும் ஒன்றாக இருக்கும்வரை தளத்தின் ஒருமை குலையாது.

வடிவமைப்பாளரும் டெவலப்பரும் உரிமையாளரும் ஓர் அம்சத்தைப் பற்றி மாறுபடும்போது, அது பக்கத்தின் முதன்மை வேலைக்கு உதவுகிறதா, இடையூறாக நிற்கிறதா, இரண்டும் இல்லையா என்று கேளுங்கள். உதவினால் வையுங்கள், இடையூறானால் எடுங்கள். இரண்டும் இல்லையென்றால், வேக வரம்புக்குள் அடங்கும் வரையில் வடிவமைப்பாளரின் ரசனைக்கே விட்டுவிடுவது நல்லது. தேர்ந்த கண் கொண்ட ஒருவரின் முடிவைக் குழுவாக அமர்ந்து திருத்துவதால் தளம் மேம்பட்டதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: பிறர் பயன்படுத்துவதைப் பாருங்கள்

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளிப்படும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். சிறு நிறுவனத்துக்கு அது எட்டக்கூடிய அளவு. நிறுவனத்துக்குத் தொடர்பில்லாதவர்களாகத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய சொந்தக் கைபேசியிலேயே தளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ‘தளம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, ‘உங்கள் வீட்டுக் குளிர்சாதனம் ஓடவில்லை, நாளைக் காலை ஒருவர் வரும்படி ஏற்பாடு செய்யுங்கள்’ என்று ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தவறாக அழுத்துகிறார்கள், எதைப் பார்க்காமலே தாண்டிச் செல்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உதவ வேண்டும் என்ற உந்துதல் எழும். அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் தளம் வெளியான பிறகு அருகில் இருந்து சொல்லித்தர நீங்கள் இருக்கப்போவதில்லை. இருவர் ஒரே இடத்தில் தடுமாறினால், தயக்கமின்றி அந்த இடத்தை மாற்றுங்கள்.

வெளியிட்ட பிறகு, படிவத்தைத் திறந்தவர்களில் எத்தனை பேர் அனுப்பினார்கள், தளத்துக்குள் எந்தச் சொற்களைத் தேடுகிறார்கள், தளத்தைப் பார்த்த பிறகும் தொலைபேசியில் எதைக் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் மாதந்தோறும் பாருங்கள். தளத்தில் இருக்கும் ஒரு விவரத்தையே தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்டால், அந்த விவரத்தின் இடத்தையோ அளவையோ பெயரையோ மாற்ற வேண்டும். மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரே நாளில் பொத்தானின் நிறம், படிவத்தின் நீளம், முகப்பு வாசகம் மூன்றையும் மாற்றினால், விசாரணைகள் கூடியதற்கோ குறைந்ததற்கோ எது காரணம் என்று பிரித்தறிய இயலாது.